பேய் ஆடிய மாடியும் வாடகை போன வீடும்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். வீட்டில் யாரோ விளையாட்டுக்குச் செய்த வேலை, அல்லது சுவாரசியத்துக்கு விட்ட கதை, பக்கத்து வீட்டுக்காரர் தலையில் போய் விடிந்திருக்கிறது. அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று நிறையப் பேர் கேட்டிருப்பதால் எல்லாருக்கும் ஊர் பெயர் மட்டும்.

வாசகி, திண்டுக்கல்: அக்கா, எனக்கு இரண்டு பையன்கள். பெரியவன் எட்டாவது, சின்னவன் ஆறாவது. முழுப்பரீட்சை லீவில் ராத்திரி மொட்டை மாடியில் ஏறி, அவங்க அப்பாவின் வெள்ளை வேட்டியை ஒட்டடைக் குச்சியில் கட்டி, கீழே இருந்து செல்போன் லைட்டை அடித்து ஆட்டியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் குடியிருந்தவர்களைப் பயமுறுத்தத்தான். அது போதாதென்று, அந்த வீட்டில் முன்னாடி யாரோ தூக்கு மாட்டிக்கொண்டதாகப் பெரியவன் தெருப் பிள்ளைகளிடம் கதை கட்டிவிட்டான். குடியிருந்தவர்களுக்குக் கைக்குழந்தை. அந்த மாதக் கடைசியிலேயே காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். ஐந்து மாதமாக டூலெட் போர்டு தொங்குகிறது. வீடு பார்க்க வருகிறவர்கள் தெருமுனையில் விசாரித்துவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். வீட்டுக்காரம்மா தனியாக இருப்பவர், ஏழாயிரம் வாடகையில்தான் அவருக்கு மருந்து மாத்திரையே. நேற்று என்னிடம் வந்து, ஒரு சாமியார் பரிகார பூஜைக்குப் பதினைந்தாயிரம் கேட்கிறார், கொடுக்கலாமா என்று யோசனை கேட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. பிள்ளைகள் செய்தது எனக்கே இரண்டு வாரம் முன்புதான் தெரியும். சொன்னால் தெருவே காறித் துப்பும், பேசாமல் இரு என்கிறார் என் வீட்டுக்காரர். என்ன செய்யட்டும்?

பதில்: அந்தப் பதினைந்தாயிரம் கைமாறுவதற்குள் போய்ச் சொல்லிவிடுங்கள். இந்தப் பக்கத்தை மூடிவைத்துவிட்டு இன்றைக்கே போங்கள். ஐந்து மாத வாடகை என்றால் முப்பத்தைந்தாயிரம் ஏற்கெனவே போய்விட்டது. இதற்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் அது தெரிந்தே நடந்ததாகிவிடும், அதைப் பிள்ளைகள் தலையில் போட முடியாது.

உங்கள் வீட்டுக்காரரின் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. நானே இதில் ஒரு காலத்தில் குற்றவாளி. பத்து வயது இருக்கும். எங்கள் எதிர்வீட்டுப் பாட்டி காலையில் வாசலில் அடுப்பு மூட்டி இட்லி அவித்து விற்பார், இட்லி நாலணா. ஒருநாள் தோழிகளோடு தாயம் விளையாடிக்கொண்டிருக்கும்போது பேச்சு சுவையாக இருக்கட்டும் என்று, பாட்டியின் மாவுப் பானையில் பல்லி விழுந்ததை நான் பார்த்தேன், அவர் கரண்டியால் எடுத்துப் போட்டுவிட்டு மாவைக் கலக்கிவிட்டார் என்று சொல்லிவிட்டேன். பல்லி விழவே இல்லை. மறுநாள் தூக்குவாளியோடு வருகிற கூட்டம் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மூன்றாம் நாள் புளித்துப் பொங்கிய மாவைப் பாட்டி சாக்கடையில் ஊற்றிக்கொண்டிருந்ததை எங்கள் ஜன்னலில் இருந்து பார்த்தேன். பானையைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு விரலால் வழித்து வழித்து ஊற்றினார், ஏதோ அதிலும் சிக்கனம் வேண்டும் என்பதுபோல. அன்று ராத்திரி அம்மாவிடம் சொல்லிவிட்டேன், தாங்க முடியவில்லை.

அம்மா அடிக்கவில்லை. விடிந்ததும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு முதலில் பாட்டியிடம் போனார். பாட்டி திட்டவும் இல்லை, "நான் உனக்கு என்ன கண்ணு பண்ணேன்?" என்று மட்டும் கேட்டார். அப்புறம் பதினோரு வீடு ஏறி இறங்கினோம், ஒவ்வொரு வாசலிலும் நான்தான் வாயைத் திறந்து சொல்ல வேண்டும். அதோடும் அம்மா விடவில்லை. அடுத்த பத்து நாள் காலை ஐந்தரை மணிக்கு நான் பாட்டியின் அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து, முதல் ஈட்டில் எடுத்த இட்லியை வாங்க வந்தவர்கள் கண் முன்னால் சாப்பிட வேண்டும் என்று வைத்துவிட்டார். நான்காவது நாளோ ஐந்தாவது நாளோ கூட்டம் திரும்பிவிட்டது.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டுக்காரம்மாவிடம் மட்டும் மன்னிப்புக் கேட்டால் உங்கள் மனசு லேசாகும், அவர் வீட்டுக்குக் குடி வராது. வீடு பார்க்க வருகிறவர் விசாரிப்பது தெருமுனை டீக்கடையில், இஸ்திரி வண்டிக்காரரிடம், மளிகைக் கடையில், வீட்டுப் புரோக்கரிடம். கதை எங்கெல்லாம் போயிருக்கிறதோ அங்கெல்லாம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நீங்களும் உங்கள் வீட்டுக்காரரும் போக வேண்டும். தூக்குக் கதையைப் பெரியவன்தான் கட்டினான், அதைப் பொய் என்று அவன் வாயாலேயே சொல்லட்டும். சின்னவனை அதற்கு முன்னால் தள்ளாதீர்கள்.

ஆனால் பேய்க் கதைக்கு ஒரு பிடிவாதம் உண்டு. நாங்கள்தான் செய்தோம் என்று சொன்னாலும், 'ஏதோ இல்லாமலா குடியிருந்தவர்கள் ஓடினார்கள்' என்று நாலு பேர் சொல்வார்கள். ஆகவே ஒரு சனிக்கிழமை ராத்திரி தெருக்காரர்களைக் கூப்பிட்டு, அதே மாடியில் அதே வேட்டியை அதே செல்போன் வெளிச்சத்தில் ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். பார்த்தவர்கள் கண்ணாலேயே இன்னொரு முறை பார்க்கட்டும். இலங்கையில் ஆபிரகாம் கோவூர் என்று ஒரு பகுத்தறிவாளர் இருந்தார், 1898-ல் கேரளத்துத் திருவல்லாவில் பிறந்து இலங்கைக்குப் போய் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியிலும் பிறகு கொழும்பிலும் தாவரவியல் கற்பித்தவர். கல் விழுகிறது, பாத்திரம் பறக்கிறது என்று புகார் வந்த வீடுகளுக்கெல்லாம் நேரில் போய் ஆராய்ந்தார். பல இடங்களில் அதன் பின்னால் அந்தந்த வீட்டு ஆள் ஒருவரின் கைதான் இருந்தது. மோசடி செய்ய முடியாத சோதனையில் அமானுஷ்ய சக்தியை நிரூபிப்பவருக்கு ஒரு லட்சம் இலங்கை ரூபாய் என்று அறிவித்திருந்தார், 1978-ல் அவர் இறக்கும்வரை ஒருவரும் அதை வாங்கவில்லை. பூஜை போட வருகிற சாமியார் பற்றி வீட்டுக்காரம்மாவுக்கு எடுத்துச் சொல்ல இது உங்களுக்கு உதவும்.

பணத்தைப் பற்றியும் பேசிவிட வேண்டும். முழுவதையும் ஒரே தடவையில் முடியாவிட்டால், புதுக் குடி வரும்வரை மாதம் இவ்வளவு என்று நீங்களே வலியப் போய்ச் சொல்லுங்கள், அவர் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். கைக்குழந்தையோடு போனவர்களுக்கு ஒரு போன். பிள்ளை தூங்குகிற வீட்டில் ராத்திரி வெளிச்சம் ஆடினால் அந்தத் தாய் எத்தனை நாள் கண்ணை மூடியிருக்க மாட்டாள் என்பதை நினைத்தால் எனக்கு அதுதான் முதலில் உறைக்கிறது.

பிள்ளைகளை அடிக்காதீர்கள். இதில் அடி சேர்ந்தால் அவர்களுக்கு அடிதான் ஞாபகம் இருக்கும்.

வாசகர், அரியலூர்: என் அப்பாவுக்கு வயது எழுபத்தொன்று. திண்ணையில் உட்கார்ந்து அளப்பது அவருக்குப் பழக்கம். நம் தெரு வழியாகத்தான் பைபாஸ் வரப்போகிறது, தாலுகா ஆபீஸில் என் சிநேகிதன் வரைபடத்தையே விரித்துக் காட்டினான் என்று பக்கத்து வீட்டு டெய்லர் அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். அந்த அண்ணன் பயந்துபோய், பாதி எழும்பிய மாடி அறையை நிறுத்திவிட்டு, பின்னால் கிடந்த இரண்டரை சென்ட்டை வந்த விலைக்குத் தள்ளிவிட்டார். பைபாஸ் என்ற பேச்சே எங்கும் இல்லை. இப்போது அவர் எங்கள் வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்புவதில்லை. அப்பாவோ, சும்மா பேச்சுக்குச் சொன்னேன், அவன் எதற்கு நம்பினான் என்கிறார்.

பதில்: அவர் எதற்கு நம்பினார் என்றால், சொன்னவர் உங்கள் அப்பா என்பதால் நம்பினார். முப்பது நாற்பது வருஷமாகப் பக்கத்து வீடு, வயதில் பெரியவர். வழியில் போகிற ஒருவன் சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். இதை அப்பாவிடம் கோபப்படாமல், ஆனால் பூசி மெழுகாமல் சொல்லுங்கள். வேலை ஓய்ந்த பிறகு தன் பேச்சைக் கேட்க ஆள் குறைந்துபோகும் வருத்தத்தில் பல பெரியவர்கள் பேச்சுக்குக் கொஞ்சம் மசாலா சேர்ப்பதுண்டு, அதற்காக அவரை ஊர் முன்னால் புளுகர் என்று நிறுத்த வேண்டியதில்லை. ஆனாலும் டெய்லர் வீட்டு வாசலுக்கு அவர்தான் போக வேண்டும், அவருக்குப் பதிலாக நீங்கள் போனால் அது சேராது.

மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு சாலைக்காக நிலம் எடுப்பதென்றால் யாரோ ஒருவரின் சிநேகிதன் விரித்துக் காட்டும் வரைபடத்தோடு அது முடியாது. 2013-ம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி அரசிதழிலும், இரண்டு நாளிதழ்களிலும் (அதில் ஒன்று உள்ளூர் மொழியில்) அறிவிப்பு வர வேண்டும், ஊராட்சியிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் ஒட்டப்பட வேண்டும். தமிழ்நாட்டில் மாநில நெடுஞ்சாலை என்றால் 2001-ம் வருஷத்துச் சட்டமும், தேசிய நெடுஞ்சாலை என்றால் 1956-ம் வருஷத்துச் சட்டமும் தனியாக இருக்கின்றன, அவற்றிலும் அரசிதழ் அறிவிப்பு இல்லாமல் ஆகாது. சந்தேகம் வந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டால் முப்பது நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். டெய்லர் அண்ணன் இந்தப் பத்து ரூபாயைச் செலவழித்திருந்தால் இரண்டரை சென்ட் கையில் இருந்திருக்கும்.

பதிவான கிரயத்தை இனித் திருப்புவது சுலபமில்லை. ஆனால் வாங்கியவரோ புரோக்கரோ வதந்தி பொய் என்று தெரிந்தே அதை ஊதிப் பெரிதாக்கி விலையை இறக்கியிருந்தால் விஷயம் வேறு, அதை ஒரு வழக்கறிஞரிடம் காட்ட வேண்டும். வருமானம் குறைவானவர்களுக்கு மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு, 15100 என்ற எண்ணுக்குப் பேசினால் வழி சொல்வார்கள். அலைச்சலுக்கு உங்கள் வண்டியும் உங்கள் நேரமும் போகட்டும். பாதியில் நிற்கிற அந்த மாடி அறைக்கு உங்கள் வீட்டிலிருந்து என்ன முடியுமோ அதையும் யோசியுங்கள், அங்கே கம்பி மழையில் துருப்பிடித்துக்கொண்டிருக்கும்.

வாசகி, ஓசூர்: எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸாப் குரூப்பில் என் கொழுந்தன் தமாஷுக்குக் குரலை மாற்றி, போர்வை விற்கிற சாக்கில் பிள்ளை பிடிக்கிறவன் வந்திருக்கிறான் என்று வாய்ஸ் நோட் போட்டான். அன்றைக்கு நிஜமாகவே ஒரு வடக்கத்திப் போர்வை வியாபாரி கேட் உள்ளே வந்திருந்தார். எதிர் பிளாக்காரர்கள் அவரைப் பிடித்துத் தள்ளி இரண்டு மணி நேரம் மீட்டர் ரூமில் பூட்டிவைத்துவிட்டார்கள். அடிபடவில்லை. போலீஸ் வந்து எதிர் பிளாக்காரர்களை விசாரிக்கிறது. கொழுந்தன் வாய்ஸ் நோட்டை அழித்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல இருக்கிறான். குடும்பத்தில் யாரும் பேசக்கூடாது என்கிறார் மாமியார்.

பதில்: சகோதரி, இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் பக்கம் நடந்தது உங்கள் மாமியாருக்கு மறந்திருக்கலாம். குலதெய்வம் கோயிலுக்கு உறவினர்களோடு காரில் வந்த அறுபத்தைந்து வயது அம்மா ஒருவர், வழி கேட்க நின்ற இடத்தில் அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிற கும்பல் என்று ஊரே திரண்டு அடித்ததில் அவர் இறந்துபோனார். அதற்கு முன் சில வாரங்களாக அந்தப் பகுதி முழுக்க வாட்ஸாப்பில் இதே மாதிரி வாய்ஸ் நோட்டும் வீடியோவும்தான் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த நாட்களிலேயே பழவேற்காட்டிலும் ஓர் அப்பாவியைக் கொன்றார்கள். நாடெங்கும் இப்படிப் பல சாவுகள் விழுந்த பிறகுதான், அந்த வருஷம் ஜூலையில், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு அல்லது குரூப்புகளுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாது என்று வாட்ஸாப் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அந்தக் கட்டுப்பாட்டின் பின்னால் பிணங்கள் இருக்கின்றன.

போர்வை வியாபாரி உயிரோடு திரும்பியது உங்கள் குடும்பத்தின் அதிர்ஷ்டம், அவருடைய அதிர்ஷ்டம். கொழுந்தன் ஒரு வழக்கறிஞரோடு போய், செய்ததை ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுக்கட்டும். பொதுமக்களிடையே பீதியைக் கிளப்பும்படி பொய்த் தகவல் பரப்புவதற்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற இன்றைய தண்டனைச் சட்டத்தின் 353-வது பிரிவில் மூன்று வருஷம் வரை தண்டனை இருக்கிறது, பயம் நியாயம்தான். ஆனால் இப்போது விசாரணையில் நிற்கிறவர்கள் உங்கள் கொழுந்தனின் குரலை நம்பியவர்கள். ஒருவரைப் பூட்டிவைத்தது அவர்கள் தப்பு, அதற்கு அவர்கள் பதில் சொல்லட்டும். தமாஷுக்கும் சேர்த்து அவர்களே பதில் சொல்ல வேண்டும் என்பதை எப்படி ஒத்துக்கொள்வது? வாய்ஸ் நோட்டை அவன் அழித்தாலும் கேட்டவர்கள் போனில் அது இல்லை என்று யார் சொன்னது?

அதே குரூப்பில் தன் சொந்தக் குரலில், மாற்றாமல், தன் பெயர் சொல்லி அவன் பேச வேண்டும். அப்புறம் அந்த வியாபாரி. அவர் எண் காவல் நிலையத்தில் இருக்கும். போர்வை மூட்டையை இறக்கிவைத்த இடத்திலேயே அன்றைய வியாபாரம் போயிருக்கும், திரும்ப அந்தப் பக்கம் வர அவருக்குக் கால் வராது. நீங்கள் ஒருவராவது போய்ப் பாருங்கள். மாமியாரிடம் நான் சொன்னதாகவே சொல்லலாம்.

மாணவர், தஞ்சாவூர்: ஏப்ரல் ஃபூல் செய்வதும் தப்பா? எல்லாவற்றையும் தப்பு என்றால் எப்படி?

பதில்: தப்பில்லை தம்பி. 1957 ஏப்ரல் 1 அன்று பிபிசி தொலைக்காட்சி, சுவிட்சர்லாந்தில் ஒரு குடும்பம் மரத்திலிருந்து ஸ்பகெட்டி (மாவில் செய்கிற, நூடுல்ஸ் மாதிரியான உணவு) பறிப்பதாக மூன்று நிமிஷப் படம் காட்டியது. நாங்களும் அந்த மரம் வளர்க்க வேண்டும், எப்படி என்று போன் செய்தவர்கள் உண்டு. ஒரு துண்டு ஸ்பகெட்டியைத் தக்காளி சாஸ் டப்பாவில் நட்டுவைத்து நல்லது நடக்கும் என்று நம்புங்கள் எனப் பதில் சொன்னார்களாம். ஏமாந்தவருக்கு அரை நாள் வெட்கம், அவ்வளவுதான்.

இன்னொன்றும் லண்டன்தான், 1810 நவம்பர். தியோடர் ஹூக் என்ற எழுத்தாளர், எந்த வீட்டையும் ஒரே வாரத்தில் ஊரே பேசும் வீடாக்கிக் காட்டுகிறேன் என்று நண்பரிடம் பந்தயம் கட்டினார். பெர்னர்ஸ் தெரு 54-ம் எண் வீட்டு அம்மாவின் பெயரில் கட்டுக்கட்டாகக் கடிதம் போட்டார். குறித்த நாளில் விடியற்காலை முதலே புகைபோக்கி சுத்தம் செய்கிறவர்கள், நிலக்கரி வண்டிகள், கேக் கொண்டுவந்தவர்கள், டாக்டர்கள், வக்கீல்கள், சவப்பெட்டிக்காரர், பியானோ என்று வாசலில் வந்து குவிந்தார்கள். நகர மேயரே வந்துவிட்டார். ஹூக் எதிரே ஓர் அறையில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். தெரு நாள் முழுக்க அடைத்துக்கொண்டது. இருநூறு வருஷமாக எல்லாரும் ஹூக்கின் சாமர்த்தியத்தைத்தான் பேசுகிறார்கள். எனக்கு அந்த நிலக்கரி வண்டிக்காரனின் அன்றைய கூலியை யார் கொடுத்தார்கள் என்ற கேள்விதான் வருகிறது. நீங்கள் எதையாவது திட்டமிடும்போது அந்தக் கூலிக்காரர் உங்கள் திட்டத்தில் எங்கே நிற்கிறார் என்று பார்த்துக்கொள்ளுங்கள். யாரும் நிற்கவில்லை என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

வாசகர், நாகர்கோவில்: பேரப் பிள்ளைகள் பக்கத்து வீட்டுக் காலிங் பெல்லை அடித்துவிட்டு ஓடுகிறார்கள். சின்ன விஷயம்தானே?

பதில்: அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள் ஐயா. முட்டி வலியோடு கட்டிலில் இருந்து எழுந்து, சுவரைப் பிடித்து, வாசல் வரை வந்து தாழ்ப்பாள் திறக்க ஒருவருக்கு மூன்று நிமிஷம் ஆகும். ஒருநாள் சாயங்காலம் பேரப் பிள்ளைகளை அந்த வீட்டுக்கு உள்ளே அனுப்பி, பெல் அடிக்கும்போது அவர் எழுந்து வருவதைப் பக்கத்தில் இருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

வாசகி, பண்ருட்டி: என் கணவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. எங்கள் வாசல் பலா மரத்துக்குக் கணக்குத் தெரியும், ஒரு காய் குறைந்தாலும் ராத்திரி வந்து என்னிடம் சொல்லிவிடும் என்று அக்கம்பக்கத்துப் பிள்ளைகளிடம் கதை விடுவார். அதுகளும் நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து மரத்தடியில் வைத்து வீட்டுக்கணக்கைப் போட்டுத் தரச்சொல்லிக் கேட்கும். ஒரு தடவை பின்வீட்டுப் பையன் ஒருவன் நிஜமாகவே பயந்து அந்தப் பக்கம் வராமல் ஒரு வாரம் சுற்றிப் போனான். இவர் அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போய், நீயே எண்ணு என்று காய்களை எண்ண வைத்தார். அவன் இருபத்து மூன்று என்றான். மரம் இருபத்தொன்று என்றுதான் சொன்னது, உனக்கு மரத்தைவிடக் கணக்கு நன்றாக வருகிறதே என்றார் இவர். அந்தப் பையன் போன மாதம் தன் பெண் குழந்தையோடு வந்து, அத்தை, மரம் இன்னும் எண்ணுகிறதா என்று கேட்டான். அவர் சொன்னதும் பொய்தானே, அதுவும் தப்பா?

பதில்: இல்லையம்மா. பிள்ளை பயந்துவிட்டது என்று தெரிந்த உடனே அவர் வேலையைப் போட்டுவிட்டுப் போய் அவனைத் தோளில் தூக்கினார் பாருங்கள், உங்கள் கடிதத்தில் அந்த வரியை நான் நாலு தடவை படித்தேன். அந்தப் பையன் அடுத்த முறை குழந்தையோடு வரும்போது, அவளையும் தோளில் வைத்து எண்ணச் சொல்லுங்கள். எத்தனை காய் என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.